பஸ்ஸாவ்: மூன்று நதிகளும் ஒரு பெட்டியும்

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. சோம்பல் பாதிக் காரணம், வெட்கம் மீதிப் பாதி.

2024 கோடையில் ஒரு செமஸ்டர் ஜெர்மனியில் படிக்கும் வாய்ப்பு கிடைத்தது. திரும்பி வந்ததும் வகுப்பில் எல்லோரும் கேட்டது, "பெர்லின் எப்படி இருந்தது?" நான் பெர்லின் பக்கம் போகவே இல்லை. நான் இருந்த ஊரின் பெயர் பஸ்ஸாவ். பவேரியா மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், ஆஸ்திரிய எல்லையில் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 50,000. காலாற நடந்தால் இன்னொரு நாட்டுக்குப் போய்விடலாம். நானும் முதல் வாரத்திலேயே போனேன். ஒரு சாலையோரப் பலகையைத் தவிர வேறு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஏதோ பெரிதாக எதிர்பார்த்துப் போன எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஊரின் விசேஷம் நதிகள். மேற்கிலிருந்து டான்யூப் வருகிறது. தெற்கே ஆல்ப்ஸ் மலையிலிருந்து இன் நதி வருகிறது. வடக்கே பவேரியக் காட்டிலிருந்து இல்ஸ் என்ற சின்ன நதி வருகிறது. மூன்றும் ஊரின் கிழக்குக் கோடியில் ஒன்றாகச் சேர்கின்றன. டான்யூபுக்கும் இன்னுக்கும் நடுவில் நாக்கு நீட்டியது போல ஒரு நிலம் இருக்கிறது, அதுதான் பழைய நகரம். அந்த நாக்கின் நுனியில் ஒரு சின்னப் பூங்கா உண்டு. அங்கே நின்று பார்த்தால் மூன்று நிறத் தண்ணீர் தெரியும். காட்டுச் சதுப்பு மண்ணின் சாறு கலந்து வருவதால் இல்ஸ் கிட்டத்தட்டக் கறுப்பு. பனி உருகி வரும் இன், பால் கலந்த பச்சை. டான்யூபைப் பாட்டுகளில் நீலம் என்கிறார்கள், நான் பார்த்த நாட்களில் எல்லாம் அது பழுப்பாகத்தான் இருந்தது. சேர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் நிறங்கள் கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். பெரிய வீட்டில் மருமகளாக வந்தவர்கள் முதல் கொஞ்ச நாள் தனித்தனியாக நிற்பது மாதிரி.

இதில் ஒரு வேடிக்கை. இந்த இடத்தில் சராசரியாகப் பார்த்தால் டான்யூபை விட இன்தான் அதிகத் தண்ணீர் கொண்டுவருகிறது. ஆனால் சேர்ந்த பிறகு பெயர் டான்யூபுக்கு. எங்கள் பாடத்தில் கம்பெனிகள் இணைப்பு பற்றிப் படித்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. முதல் அதிகம் போட்டவர் பெயர்தான் பலகையில் இருக்க வேண்டும் என்று ஒன்றும் கட்டாயமில்லை.

நான் போய் இறங்கிய இரண்டாம் நாள் நகராட்சி மாளிகைக்குப் போனேன். டான்யூபைப் பார்த்தபடி நிற்கும் பழைய கட்டடம், கோபுரத்தோடு இருக்கும். அதன் சுவரில் கோடு கோடாக வரைந்து பக்கத்தில் வருடங்கள் எழுதியிருந்தார்கள். 1501, 1595, 1787, 1954, 2002, 2013. ஏதோ ராஜாக்கள் ஆண்ட வருடங்கள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் புரிந்தது, ஒவ்வொன்றும் வெள்ளம் நின்ற உயரம். 2013 கோட்டைத் தொட்டுப் பார்க்கலாம் என்று கையை உயர்த்தினேன். எட்டவில்லை. குதித்தேன். கிட்டவே போக முடியவில்லை. பக்கத்தில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த ஒரு குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது.

ஊரின் அளவுகோலில் டான்யூப் சாதாரண நாட்களில் 4, 5 மீட்டர் காட்டும். 2013 ஜூன் 3-ம் தேதி அது 12.89 மீட்டர் காட்டியது. அதற்கு முன் அதைவிட உயரம் போனது 1501-ல், 13.20 மீட்டர். நடுவில் ஐந்நூறு வருடம். 1954-ல் 12.20, 2002-ல் 10.81. இந்த எண்களை நான் குறிப்பு பார்க்காமல் எழுதுகிறேன். அந்த ஊரில் கொஞ்ச நாள் இருந்தால் யாருக்கும் மனப்பாடம் ஆகிவிடும். நம் ஊர்ப் பாட்டிகள் குழந்தைகள் பிறந்த வருடத்தைச் சொல்வது போல அங்கே வெள்ள வருடங்களைச் சொல்கிறார்கள்.

நான் தங்கியிருந்தது டான்யூப் பக்கம் இறங்கும் ஒரு சந்தில், ஒரு வீட்டின் இரண்டாவது மாடி அறையில். வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் வயது. கணவர் இறந்து பல வருடம் ஆகிறது. முதல் நாளே வீட்டைச் சுற்றிக் காட்டினார். சுற்றிக் காட்டினார் என்பதை விட, கீழிருந்து மேலே காட்டினார் என்று சொல்ல வேண்டும்.

தரைத்தளத்தில் கல் தரை. அங்கே ஒரு சைக்கிள், ஒரு மர பெஞ்சு, மழைக்கோட்டு மாட்டும் ஆணிகள், அவ்வளவுதான். மின்சார ப்ளக் பாயிண்ட்டுகள் எல்லாம் என் நெஞ்சு உயரத்தில் இருந்தன. முதல் மாடியில் சமையலறை, அவர் படுக்கும் அறை. இரண்டாவது மாடியில் நான். அதற்கும் மேலே ஓட்டுக்கு அடியில் ஒரு பரண். அங்கேதான் கல்யாணப் போட்டோக்கள், வீட்டுப் பத்திரம், கணவரின் கடிதங்கள். தரைத்தளத்துக்கும் கீழே ஒரு நிலவறை. அதில் அலமாரி நிறைய ஜாம் பாட்டில்கள், உருளைக்கிழங்கு மூட்டை, இரும்புக்கால் வைத்த ஒரு பழைய தையல் மெஷின்.

"இந்த வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான். போனால் போகட்டும் என்று நினைப்பதைத்தான் கீழே வைக்க வேண்டும். உங்கள் பெரிய பெட்டியைக் கீழே வைக்காதீர்கள், மேலேயே இடம் இருக்கிறது" என்றார்.

தலையை ஆட்டினேன். மூன்றாம் நாளே பெட்டியைக் கொண்டுபோய் நிலவறையில் வைத்தேன். அறை சின்னது, பெட்டி காலில் இடித்துக்கொண்டே இருந்தது. காலி பெட்டிதானே என்று ஒரு எண்ணம். அது முழுக்கக் காலி இல்லை என்பது எனக்கே மறந்துபோயிருந்தது. அந்தக் கதை பிறகு.

அந்த அம்மா சொன்ன சட்டம் வீட்டுக்கு மட்டும் இல்லை, ஊருக்கே பொருந்தும் என்று நடக்க நடக்கத் தெரிந்தது. பஸ்ஸாவில் எது எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தாலே யார் யாருக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்று தெரிந்துவிடும். பழைய நகரத்தின் மேட்டில் புனித ஸ்டீபன் பேராலயம். 739-லிருந்து இது ஆயரின் ஊர். ஒரு காலத்தில் வியன்னா வரைக்கும் இந்த ஆயரின் அதிகாரம் இருந்தது. 1662-ல் ஊரே எரிந்த பிறகு இத்தாலியக் கலைஞர்கள் வந்து வெள்ளைச் சுதை வேலைப்பாடுகளோடு பேராலயத்தைத் திரும்பக் கட்டினார்கள். உள்ளே இருக்கும் ஆர்கன் வாத்தியத்துக்கு 17,974 குழாய்கள் என்று பெயர் பெற்றது. ஐந்து பகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கும் அதை ஒரே ஆள் ஒரே இடத்தில் உட்கார்ந்து வாசிக்கலாம். அந்த மேட்டுக்கு வெள்ளம் வருவதில்லை.

டான்யூபுக்கு அக்கரையில், மலை மேல் ஓபர்ஹவுஸ் கோட்டை. 1219-ல் ஆயர் கட்ட ஆரம்பித்தது. ஆயர்தான் அரசர் என்பதால், கோட்டை எதிரிகளுக்காக மட்டும் இல்லை, கீழே இருக்கும் சொந்த ஊர் ஜனங்களை அடக்கி வைக்கவும்தான். ஊர்க்காரர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை கலகம் செய்து பார்த்தார்கள், ஜெயிக்கவில்லை. 1803-ல்தான் ஆயர் ஆட்சி முடிந்தது. இன் நதிக்கு அக்கரையில் இன்னொரு குன்று. அதன் மேல் மரியாஹில்ஃப் மாதா கோயில். ஏறிப்போகக் கூரை போட்ட படிக்கட்டு, 321 படிகள். படிக்கு ஒரு ஜெபம் சொல்லி ஏறுபவர்கள் இன்றைக்கும் உண்டு. நான் படிக்கு ஒரு பெருமூச்சு விட்டு ஏறினேன்.

ஆக, மேலே சாமியும் பீரங்கியும். கீழே, தண்ணீர் ஓரத்தில், வியாபாரிகள், படகுக்காரர்கள், சத்திரங்கள், மீன்காரர்கள்.

அப்படியென்றால் எதற்கு அங்கே குடியிருந்தார்கள்? வணிகவியல் மாணவனுக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்: காசு. ஆல்ப்ஸ் மலைச் சுரங்கங்களிலும் உப்பு ஊற்றுகளிலும் எடுத்த உப்பு, படகில் இன் நதி வழியாக இங்கே வந்து இறங்கும். இங்கிருந்து குதிரை முதுகில் மூட்டை கட்டிக் காட்டு வழியாகப் பொஹீமியாவுக்கு, அதாவது இன்றைய செக் நாட்டுக்குப் போகும். திரும்பி வரும்போது தானியம். அந்தப் பாதைக்குப் பெயரே தங்கப் பாதை. உப்பு விற்ற பாதைக்குத் தங்கம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால் லாபம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நதியை விட்டு நூறு அடி தள்ளிப் போனால் வெள்ளம் வராது, உப்பும் வராது. இன்றைக்கு உப்புக்குப் பதில் சுற்றுலாக் கப்பல்கள். காலையில் வெள்ளை வெள்ளையாக நீளமான கப்பல்கள் வந்து நிற்கும். கொடி பிடித்த வழிகாட்டிக்குப் பின்னால் ஒரு வரிசை இறங்கிப் பேராலயம் பார்த்து, வண்ணக் கல் பதித்தது போலச் சாயம் பூசிய ஹோல்கஸ்ஸ சந்தில் போட்டோ எடுத்து, காபி குடித்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்பும். அந்தச் சந்தும் வெள்ளம் வரும் சந்துதான்.

அன்றாட வாழ்க்கை பற்றியும் இரண்டு வார்த்தை. கடையில் நுழைந்தால் முதலில் "க்ரூஸ் காட்" என்று சொல்ல வேண்டும், "கடவுள் வாழ்த்தட்டும்" என்பது மாதிரி. சொல்லாமல் நேராக ப்ரெட்ஸெலைக் காட்டி விரலை நீட்டினால் கடைக்கார அம்மா நம்மைப் பார்த்துத் தானே இரண்டு மடங்கு சத்தமாகச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், அது சட்டம். என் முதல் ஞாயிறு அரை பாக்கெட் பிஸ்கட்டில் கழிந்தது. காலி பிளாஸ்டிக் பாட்டிலைத் தூக்கிப் போடக்கூடாது, வாங்கும்போதே 25 சென்ட் முன்பணம் பிடித்திருப்பார்கள். மெஷினில் திருப்பிப் போட்டால் சீட்டு வரும். பீர் பாட்டிலுக்கு 8 சென்ட். நாலு பேர் இருந்த எங்கள் கூட்டத்தில் காலி பாட்டில் சேகரிக்கும் பொறுப்பு எனக்கு, காரணம் நான் பி.காம். அந்த 2024-ல் மாதம் 49 யூரோவுக்கு ஒரு டிக்கெட் வாங்கினால் நாடு முழுக்க சாதாரண ரயில்களிலும் பஸ்களிலும் போகலாம். பல்கலைக்கழகம் 1978-ல் ஆரம்பித்தது. இன் நதிக் கரையை ஒட்டியே நீளமாக இருக்கிறது. வகுப்பு முடிந்தால் எல்லோரும் கரைப் புல்லில் போய் விழுவோம். பக்கத்தில் அக்கரைக்கு ஒரு நடைபாலம். அதை ஊரில் அஞ்சு காசுப் பாலம் என்கிற அர்த்தத்தில் ஒரு பெயரால் கூப்பிடுகிறார்கள். ஒரு காலத்தில் நடக்க 5 ஃபென்னிக் சுங்கம் வாங்கினார்களாம். சுங்கம் போய் எவ்வளவோ காலம் ஆகியும் பெயர் போகவில்லை.

மே 30 வியாழக்கிழமை பண்டிகை விடுமுறை. மறுநாளிலிருந்து தெற்கு ஜெர்மனியில் விடாத மழை. சனி, ஞாயிறு முழுக்க டான்யூபின் மேல்பகுதி ஊர்களில் வெள்ளம் என்று செய்தி. எங்கள் ஊரில் தூறல்தான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்கார அம்மாவோ சமையலறை மேஜையில் பவேரிய அரசின் நீர்மட்டப் பக்கத்தை டேப்லெட்டில் திறந்து வைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நதிக்கும் வளைகோடு போட்டு, இப்போது எவ்வளவு, இன்னும் சில மணி நேரத்தில் எவ்வளவு என்று காட்டும். பங்குச் சந்தைக்காரர்கள் கூட அவ்வளவு கவனமாகப் பார்க்க மாட்டார்கள்.

"டான்யூப் தனியாக வந்தால் பயமில்லை, மெதுவாக வரும், சொல்லிவிட்டு வரும். இன் வேகமாக வரும். இரண்டும் ஒரே நாளில் வந்தால்தான் கஷ்டம். இன் முந்திக்கொண்டு வாசலை அடைத்துக்கொள்ளும், டான்யூப் போக இடமில்லாமல் நம் வீட்டுக்குள் வரும்" என்றார்.

ஜூன் 3 திங்கட்கிழமை நகரத்தில் பேரிடர் நிலை அறிவித்தார்கள். மணல் மூட்டைகள் வந்தன. தாழ்வான தெருக்களில் ஜனங்கள் நடக்க மரப்பலகைகள் போட்டார்கள். சத்திரக்காரர்கள் நாற்காலி மேஜைகளை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்திலும் பதற்றம் இல்லை. எனக்கு அதுதான் ஆச்சரியம். நாள் குறித்த கல்யாணத்துக்குப் பந்தல் போடுவது மாதிரி வேலை நடந்தது.

மதியம் அந்த அம்மா என்னிடம் சொன்னார், "சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டில் இருங்கள். நிலவறையில் ஒரு சாமான் தூக்க வேண்டும், இரண்டு ஆள் வேலை." சரி என்றேன். வெளியே போனேன்.

நகராட்சி மாளிகை முன்னால் சதுக்கத்தில் தண்ணீர் ஏறியிருந்தது. நேற்று வரை ஐஸ்கிரீம் விற்ற இடத்தில் டான்யூப் ஓடிக்கொண்டிருந்தது. மேட்டுப் பக்கம் ஒரே கூட்டம், எல்லார் கையிலும் போன். நானும் எடுத்தேன். போட்டோ, வீடியோ, சுவரில் இருக்கும் கோடுகளோடு ஒன்று, என் முகத்தோடு ஒன்று. நண்பர்களுக்கு அனுப்பினேன். ஊரிலிருந்து பதில் வந்துகொண்டே இருந்தது. "டேய் ஜாக்கிரதை", "செம சீன்", "இன்னும் ஒண்ணு அனுப்பு". இன்னும் ஒன்று அனுப்பினேன். மணி பார்த்தபோது ஏழே முக்கால்.

ஓடினேன். சந்தின் கீழ்முனை தண்ணீருக்குள் இருந்தது. மேல் பக்கமாகச் சுற்றி வந்தேன். எங்கள் வீட்டு வாசலைத் தண்ணீர் இன்னும் தொடவில்லை. அப்பாடா என்று உள்ளே நுழைந்தால் விளக்கு எரியவில்லை. அந்த அம்மா மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு கையால் இன்னொரு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஜாம் பாட்டில்கள் ஒரு வரிசை. அதற்குப் பக்கத்தில் என் பெட்டி.

எனக்கு அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. தண்ணீர் வாசல் வழியாக வரும் என்று நான் காத்திருந்தேன். நிலவறைக்கு அது வாசலைத் தேடி வருவதில்லை. நதி ஏறும்போது நிலத்தடி நீரும் ஏறித் தரையைப் பிளந்துகொண்டு கீழிருந்து வருகிறது. தெரு காய்ந்து கிடக்கும்போதே நிலவறை நிரம்பிவிடும்.

"பெட்டி கனமாக இல்லை. ஆனால் உள்ளே ஏதோ காகிதம் சரசரத்தது. காகிதமாக இருந்தால் முக்கியமாக இருக்கும் என்று நினைத்தேன்" என்றார்.

பெட்டியைத் திறந்தேன். உள் ஜிப்புக்குள் பச்சை நிறக் கோப்பு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்களும் மாற்றுச் சான்றிதழும் அசலாக உள்ளே இருந்தன. பல்கலைக்கழகத்தில் பதிவு செய்யும்போது எடுத்துக் காட்டிவிட்டுப் பத்திரமாக இருக்கட்டும் என்று பெட்டிக்குள்ளேயே வைத்து மறந்துபோயிருக்கிறேன். ஒரு மூலை கூட நனையவில்லை.

"நீங்கள் தூக்கச் சொன்ன சாமான்?" என்று கேட்டேன்.

"அது என் அம்மாவின் தையல் மெஷின். தனி ஆளால் முடியாது. ஒரு பக்கம் தூக்கிப் பார்த்தேன்" என்று மணிக்கட்டைக் காட்டினார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

டார்ச் எடுத்துக்கொண்டு கீழே போய்ப் பார்த்தேன். படிகளில் பாதி வரை பழுப்புத் தண்ணீர். மெஷின் தெரியவே இல்லை. உருளைக்கிழங்குகள் மட்டும் மிதந்துகொண்டிருந்தன.

அன்று இரவு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். 2013 பற்றிச் சொன்னார். அப்போது தண்ணீர் தரைத்தளத்தை முழுங்கி முதல் மாடிப் படிக்கு வந்ததாம். வடிந்த பிறகு வீடு முழுக்கச் சேறு. யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் வாசலில் நின்றபோது முன்பின் தெரியாத ஏழெட்டு மாணவர்கள் ரப்பர் பூட்ஸோடு வந்து நின்றார்களாம். அந்த வருடம் பல்கலைக்கழகத்தில் வகுப்புகளை நிறுத்திவிட்டார்கள். மாணவர்கள் "பஸ்ஸாவ் சுத்தம் செய்கிறது" என்ற அர்த்தத்தில் ஃபேஸ்புக்கில் ஒரு குழு ஆரம்பித்து, யார் எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று பிரித்துக்கொண்டு, ஆயிரக்கணக்கில் இறங்கி வேலை செய்தார்கள். இது ஊரே இன்றும் சொல்லும் கதை.

"வரிசையாக நின்று வாளி மாற்றினார்கள். நாலு நாள். ஒருத்தர் பெயர் கூட எனக்குச் சரியாகத் தெரியாது. அதற்குப் பிறகுதான் மேல் அறையை மாணவர்களுக்கு மட்டும் வாடகைக்கு விடுவது என்று முடிவு செய்தேன்" என்றார்.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத் தலையை நிமிர்த்த முடியவில்லை. என் போனில் அப்போது 43 படங்கள் இருந்தன.

நீர்மட்டம் கிட்டத்தட்ட 10 மீட்டர் வரை வந்து, அதற்கு மேல் ஏறாமல் நின்றது. எங்கள் தரைத்தளத்தில் கணுக்கால் அளவு கூட வரவில்லை. பஸ்ஸாவ் கணக்கில் இது சின்ன வெள்ளம். வடிய ஆரம்பித்ததும் எனக்கு அடுத்த பாடம். தண்ணீர் முழுக்கப் போகட்டும், பிறகு கழுவலாம் என்று நான் நினைத்தேன். அப்படிச் செய்யக்கூடாதாம். தண்ணீர் இறங்க இறங்கக் கூடவே துடைப்பத்தால் சேற்றைக் கிளறித் தள்ளிக்கொண்டே போக வேண்டும். மலையிலிருந்து வரும் வண்டல் மாவு மாதிரி மெல்லியது, காய்ந்தால் சிமெண்ட். பல்லுக்குள் கூட மணல் நறநறக்கும். இரண்டு நாள் வகுப்புக்குப் போகவில்லை. வகுப்பு நண்பர்கள் மூன்று பேரையும் இழுத்து வந்தேன். போலந்துக்காரன் ஒருவன், கொரியாவிலிருந்து ஒரு பெண், நியூரம்பெர்க்காரன் ஒருவன். வரிசையாக நின்று வாளி மாற்றினோம். அந்த அம்மா கட்டுப்போட்ட கையோடு படியில் உட்கார்ந்து மேற்பார்வை. பசிக்கிறது என்றால் ரொட்டியும் காப்பாற்றிய ஜாமும்.

இடையில் நான் கேட்டேன், "இன்சூரன்ஸ் கிடைக்காதா?" பாடப்புத்தகக் கேள்வி. அவர் சிரித்தார். ஜெர்மனியில் சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது, இயற்கைச் சேதத்துக்குத் தனியாக எடுக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனங்கள் வீடுகளை ஆபத்தைப் பொறுத்து நாலு வகுப்பாகப் பிரித்து வைத்திருக்கின்றன. பத்து வருடத்துக்கு ஒரு முறையாவது வெள்ளம் வரும் இடம் நாலாவது வகுப்பு. அங்கே பாலிசி கிடைப்பதே கஷ்டம், கிடைத்தாலும் விலை எட்டாது. "அதனால்தான் பரண்" என்று மேலே கை காட்டினார்.

கணக்குப் பதிவியலில் முதல் வருடமே ஒரு கொள்கை சொல்லித்தருவார்கள். வரப்போகும் லாபத்தை எழுதாதே, வரக்கூடிய நட்டத்துக்கு இப்போதே ஒதுக்கி வை. பரீட்சையில் இதை நான் எத்தனையோ முறை எழுதி ஐந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அதன் அர்த்தம் அந்த வீட்டில்தான் தெரிந்தது. அந்த ஊர் வெள்ளம் வராது என்று நம்பி வாழவில்லை. பயந்து ஓடவும் இல்லை. எது போகலாம், எது போகக்கூடாது என்று முதலிலேயே பிரித்து வைத்துவிட்டு, நிம்மதியாகக் காபி குடிக்கிறது. நான் எதையும் பிரித்து வைக்கவில்லை. சான்றிதழைக் கீழே வைத்தேன், ஆறு மணியை மறந்தேன், எட்டு மணிக்கு வந்து வருத்தப்பட்டேன்.

தையல் மெஷினைக் கடைசியாக நானும் போலந்துக்காரனும் தூக்கி வந்தோம். இரண்டு ஆளுக்கே மூச்சு வாங்கியது. வாசலில் வைத்து ஒவ்வொரு திருகாகக் கழற்றி, பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய் விட்டேன். சக்கரம் நகரவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன், ஜெர்மன் மொழியில் எனக்குத் தெரிந்த மரியாதையான வாக்கியங்களை எல்லாம் கோத்து.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஜெர்மனில் நமக்கு இருப்பது போலவே நீங்கள், நீ உண்டு. ஸீ என்றால் நீங்கள், டூ என்றால் நீ. வயது வித்தியாசம் பார்க்காமல் அறிமுகமில்லாதவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் நீங்கள்தான். அதனால்தான் எழுபது வயதுக்காரர் என்னை இத்தனை நாளும் நீங்கள் என்றார். நீ என்று மாறுவதற்குப் பெரியவர்தான் முதலில் சொல்ல வேண்டும். சிறியவர் தானாக ஆரம்பிக்கக்கூடாது.

அவர் என் வாக்கியம் முடியும்வரை கேட்டுவிட்டு, "2013-லும் இது மூழ்கியது. அப்புறம் தைத்தேன். குளிர்காலம் பூராவும் இருக்கிறது, பார்க்கலாம். இனிமேல் என்னை நீ என்றே கூப்பிடு" என்றார். கை கொடுத்தார், நல்ல கையால்.

நிலவறைப் படிக்கட்டுச் சுவரில் பென்சில் கோடுகள் இருப்பதை நான் அன்றுதான் கவனித்தேன். 1954, அவருடைய மாமனார் கையெழுத்து. 2002, கணவர். 2013, அவரே, மேலே மாடிப்படி ஓரத்தில். பென்சிலை என்னிடம் நீட்டினார்.

"இந்தத் தண்ணீரை எல்லாம் நகராட்சிச் சுவரில் எழுத மாட்டார்கள், சின்னது. நம் வீட்டில் எழுதுவோம். நீ எழுது."

ஈரக்கறை நின்ற இடத்தில் கோடு போட்டு 2024 என்று எழுதினேன். கை கொஞ்சம் நடுங்கியதில் 4 கோணலாகிவிட்டது. அவர் கண்ணாடியைச் சரிசெய்து பார்த்துவிட்டு, "படிக்க முடிகிறது, போதும்" என்றார்.

ஜூலையில் நான் கிளம்பும்வரை அந்த மெஷின் ஓடவில்லை. சக்கரம் பாதிச் சுற்று சுற்றி நின்றுவிடும். ஸ்டேஷனுக்குக் கிளம்பும் முன் கடைசியாக ஒரு முறை எண்ணெய் விட்டுவிட்டு வந்தேன். பிறகு அவர் அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்தில் மெஷின் பற்றி ஒரு வரியும் இல்லை. நானும் கேட்கவில்லை. இப்போது இதை எழுதும்போதுதான் கேட்கலாம் என்று தோன்றுகிறது. கேட்டுவிடுகிறேன்.

உங்களில் யாராவது அந்தப் பக்கம் போனால் பேராலயத்தைப் பாருங்கள், 321 படி ஏறுங்கள், மூன்று நிறத் தண்ணீரைப் பாருங்கள். நகராட்சிச் சுவருக்குப் போய் 2013 கோட்டின் கீழே நின்று கையை உயர்த்திப் பாருங்கள். வீடு திரும்பியதும் உங்கள் அசல் சான்றிதழ்கள் எங்கே இருக்கின்றன என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். என்னுடையது இப்போது பரணில் இருக்கிறது. பக்கத்தில் அம்மாவின் கல்யாண ஆல்பமும் இருக்கிறது, அதையும் நான்தான் ஏற்றி வைத்தேன். எதற்குடா இது என்று அம்மா கேட்டார். பெரிய கதை, அப்புறம் சொல்கிறேன் என்றேன்.